வெள்ளியந்துறை வராத ஆட்டம்

செப்டம்பர் 2, செவ்வாய்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைமை தாங்கிய அருட்பணி ஹில்லாரி, லீக்கின் செயலாளர் டேவிட்சன் சார், கோப்பை கொடுக்கும் ஐஸ் கம்பெனி ஞானசிகாமணி அண்ணன், வெள்ளியந்துறைக் கல்லூரிக்காகப் புளோறி டீச்சர், தாழந்துறைக் கல்லூரிப் பெற்றோர் சார்பில் மெற்றில்டாவாகிய நான். ஆக ஐந்து பேர். குன்றுவிளைக் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தவர்கள். "எங்களோட மோதப்போறது யாருன்னு நீங்களே அடிச்சுப் பிடிச்சு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று போனில் சிரித்தார்களாம்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஆறு கல்லூரிகளின் பெண்கள் அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை ஆட வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் ஆனால் ஒன்று. முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்குத் திருச்சிலுவைத் திருநாளன்று, அதாவது பதினாலாம் தேதி, கோயில் மைதானத்தில் இறுதி ஆட்டம். புள்ளிகளை எழுதிவைப்பது என் வேலை. என் மகள் ஆன்சி பள்ளிக்கூடத்தில் பந்து உதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ரேடியோ கேட்டும், விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டியும் நானாகப் படித்துக்கொண்டது. தாழந்துறை பத்து, வெள்ளியந்துறை ஒன்பது.

பத்துதானே பெரிது என்றால், சிக்கல் இருக்கிறது. எங்கள் பத்தில் மூன்று, வெள்ளியந்துறை ஆட வராததால் கிடைத்தது. போன சனிக்கிழமை அவர்கள் மைதானத்துக்கு வரவில்லை. விதிப்படி எதிரணிக்கு வெற்றி.

டேவிட்சன் சார், "ஆடின ஆட்டத்துக்கு வகுத்துப் பாத்திருவோம். வெள்ளியந்துறை நாலு ஆட்டத்துல ஒம்பது, தாழந்துறை நாலு ஆட்டத்துல ஏழு" என்றார். அப்படியானால் அவர்கள்.

ஞானசிகாமணி அண்ணன் கையை வீசினார். "வகுக்கவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம். நான் ரெண்டு டீமையும் பாத்தவன். எது நல்ல டீமுன்னு கண்ணுக்குத் தெரியாதா?"

"ஐஸ் நிறுக்கச்சில மட்டும் ஏன் அண்ணாச்சி தராசைத் தேடுறிய? கண்ணாலயே நிறுத்துத் தரலாமே" என்று ஃபாதர் கேட்டார். அண்ணனே சிரித்துவிட்டார். பிறகு ஃபாதர், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலைக்கு முறை குலுக்குவதுபோலப் பீடத்தில் சீட்டுப் போடலாமா என்றார். ஆண்டவர் இதற்கெல்லாம் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில், "டீச்சர், அன்னைக்குப் பிள்ளையள் ஏன் வரல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிடலாம்" என்றார் ஃபாதர்.

புளோறி டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு டீக் கோப்பையைப் பார்த்தார். "வர முடியல்ல ஃபாதர். அவ்வளவுதான். எழுதிக்கிடுங்கோ."

'காரணம் கூறப்படவில்லை' என்று எழுதிக்கொண்டேன். ஞானசிகாமணி அண்ணன் வடையைப் பிய்த்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு ஆகவில்லை. அவரவர் கருத்தை எழுதி, அடுத்த புதன்கிழமைக்குள் டேவிட்சன் சாரிடம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது கடலின் மேல் பால் ஊற்றியதுபோலப் பனி. எது தண்ணீர், எது வானம் என்று கோடு இல்லை. மூன்று பேருக்கும் அரிசி போட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

காலைப் பூசை. புளி உருண்டை பிடித்தேன். என் வீட்டுக்காரரின் நீலச் சட்டைக்கு ரெண்டு பொத்தான் தைத்தேன்.

அவர் ஸ்ராங்காக, அதாவது படகுத் தலைவராக, ஓட்டிப்போன மரிய விண்மீன் படகு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கிளம்பியது. ஆகஸ்டு கடைசிக்குள் வருவோம் என்றார்கள். சுறாவுக்குப் போகிறவர்கள் மீன் கண்ட இடத்தில் தங்குவார்கள். வயர்லெஸ்ஸில் குரல் கேட்கவில்லை என்று மற்ற படகுக்காரர்கள் சொல்கிறார்கள். வயர்லெஸ் கெட்டுப்போவது புதிதில்லை. போன வருடமும் கெட்டது.

மதியம் கனிசியா வந்தாள். அவள் புருஷனும் அதே படகில்தான். கல்யாணமாகி ஒரு கிறிஸ்துமஸ்கூடக் கழியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என் புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஃபாதர்கிட்ட இன்னும் சொல்லல்லியா?"

"என்னத்தச் சொல்ல?"

"கரை அடங்கணும்னு."

எங்கள் கரையில் ஒரு வழக்கம். படகு வரத் தாமதமாகி, தேடிப்போனவர்கள் கடலில் இருக்கும்போது, கரை அடங்கும். கொட்டு இல்லை, கல்யாண மைக் செட் இல்லை, வலை வீசுவதில்லை, விளையாட்டு இல்லை. ஊருக்கே மூச்சை அடக்கியதுபோல இருக்கும். ஆனால் அதை ஊர் தானாகத் தொடங்காது. ஸ்ராங்கின் வீட்டுப் பெண் கோயிலுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவள் கேட்கும்வரை படகு வெறும் தாமதம்தான். மற்றப் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

"தாமதம்தானே பிள்ளே. எதுக்கு ஊரைக் கலைக்கணும்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். போகும்போது படியில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு உருண்டைப் புளி கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கருத்து எழுத உட்கார்ந்தேன். எழுதியது: 'விதி ஆடும் முன்பே எழுதப்பட்டது. ஆடிய பின்பு மாற்றக்கூடாது. ஆகவே பத்துப் புள்ளி பெற்ற தாழந்துறை.' சரியாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது.

இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். மற்ற ஆட்டங்களுக்கு வருவதில்லை. ஆன்சிக்கு இது கடைசி வருடம். எடுத்துவிட்டால் மேல்படிப்புக்கு அவர்களே இடம் தருவார்கள். ஜனவரியிலிருந்து அவள் தந்தையும் அவளும் பேசிக்கொண்டிருந்தது இதைப் பற்றித்தான். "கடல்ல நான் இருந்தாலும் உன் பந்து எந்தப் பக்கம் போவுதுன்னு எனக்குத் தெரியும்" என்பார் அவர்.

சாயங்காலம் பயிற்சி பார்க்கப் போனேன். கோயில் மைதானத்தின் மேற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் கடல். வெயில் தாழ்ந்தால் வலையின் கண்கள் வழியே தண்ணீர் மினுங்கும். வலையில் கடல் சிக்கியதுபோல இருக்கும். ஆன்சி அந்தப் பக்கமாக உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போய், வெளிச்சத்துக்குள் மறைந்து, விழுந்த சத்தமே கேட்கவில்லை. யாரோ எடுத்துவரப் போனார்கள். வந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் சுவரோரம் நின்று பார்க்கிறார்கள். முன்னெல்லாம் கத்துவார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் வெள்ளி. ஒருசந்தி நோன்பு. ஜெபமாலை.

விடியும்போது கனவு. மைதானம் முழுக்கத் தண்ணீர். முழங்காலுக்கு மேலே, பச்சையாக, அசையாமல். பிள்ளைகள் அதற்குள் மெதுவாக ஓடுகிறார்கள், தலைமுடி மேலே மிதக்கிறது. பந்து மட்டும் யார் காலுக்கும் எட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவர் ஊதுகிறார், விசிலிலிருந்து குமிழி வருகிறது. நான் கரையில் நின்று புள்ளி எழுதுகிறேன். எழுத எழுத ஈர மணல் விழுங்கிவிடுகிறது. எனக்குப் பயமாக இல்லை. அதுதான் விழித்த பிறகு பயமாக இருந்தது.

காஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 6, சனி

போன சனிக்கிழமை நடந்ததை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

தூறல். சுண்ணாம்புக் கோடு கரைந்து பால்போல ஓடியது. எங்கள் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். எதிர்ப்பாதி காலியாக இருந்தது. அவ்வளவு பெரிய காலியை நான் ஒரு மைதானத்தில் பார்த்ததில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். பஸ் வந்தது. இறங்கியவர்கள் தலைச்சுமட்டு மீன்காரிகள். நேரம் முடிந்ததும் ஊதினார். ஆன்சி காலடியில் பந்து அப்படியே இருந்தது.

டேவிட்சன் சார் என்னிடம் தாளை நீட்டினார். 'வெள்ளியந்துறை வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முந்தின நாள் வெள்ளியந்துறையிலிருந்து நாலு படகு மேற்கு நோக்கிப் போனதை நானும் பார்த்தேன். ஐஸ் ஏற்றாமல், வலை ஏற்றாமல், டீசல் கேன் மட்டும் ஏற்றிக்கொண்டு. எங்கள் கரையிலிருந்து ரெண்டு படகு. ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போகிறவன் மீனுக்குப் போகிறவன் இல்லை. இது இந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

இன்று போதும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து பஸ் ஏறி வெள்ளியந்துறைக்குப் போனேன். அங்கே கருவாடு நன்றாக இருக்கும் என்று ஆன்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் சத்தம் இல்லை. கல்லூரிக் கேட்டுக்குள் பந்துகளை ஒரு வலைப்பையில் போட்டு, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அந்தப் பை மெல்லச் சுற்றியது. கிரிக்கெட் மட்டைகூட ஒரு சுவரிலும் சாய்ந்திருக்கவில்லை. தெருவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எங்கள் ஊரில் காலையில்தான் ஞானஸ்நான வீட்டில் பாட்டுப் போட்டார்கள். என் ஜன்னல் வழியே கேட்டது.

புளோறி டீச்சர் வீட்டில் இருந்தார். கருவாடு வாங்க வந்தேன் என்றேன்.

"கருவாடா? கரையே அடங்கிக் கெடக்கு, யாரு போடுவா? உள்ள வாங்கோ" என்றார். கட்டன் சாயா கொடுத்தார். அவர் தம்பி ரூபன்ஸ் தேடிப்போன படகு ஒன்றில் இருக்கிறான். மினிக்காய்த் தீவுப் பக்கம் வரை போய், இன்னும் மேற்கே போவதாக வெள்ளிக்கிழமை செய்தி வந்ததாம்.

"கூட்டத்தில ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"எதை?"

"பிள்ளையள் ஏன் வரல்லங்கிறதை."

டீச்சர் முந்தானையால் கோப்பையின் அடியைத் துடைத்தார். "நீங்க பேனாவும் கையுமா அங்கதானே இருந்திய. உங்க வாயில இருந்து வராத சொல்லை நான் எப்படி எடுத்து எல்லாத்துக்கும் முன்னால வைக்க? பாயின்ட் போனாப் போட்டும்னுதான் பிள்ளையளும் சொல்லிச்சு."

"உங்க ஊருல யாரு ஃபாதர்கிட்டக் கேட்டா?"

"யாரும் கேக்கல்ல. எங்க ஆம்பிளையள் அங்க தேடிட்டு நிக்கச்சில இங்க பந்து உதைக்கக் காலு வருமா? அதுவா அடங்கிச்சு."

சாயா நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் பஸ்சுக்கு வரும்போது. "ஆடியிருந்தா உங்களைத் தோக்கடிச்சிருப்போம். அதுல சந்தேகம் வேண்டாம்."

"ஆன்சி இருக்கச்சிலயா? பாக்கலாமே" என்றேன். ரெண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டோம்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். பீடத்துக்குப் பிச்சிப்பூ. பாயசம் வைத்தேன். பெரிய டம்ளரில் ஒன்று எடுத்து மூடி வைத்தேன்.

ஆன்சி அந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு என் மேசையில் கிடந்த கருத்துத் தாளை எடுத்து வாசித்தாள்.

"அம்மா, இதைக் குடுக்கப் போறியளா?"

"விதி அதுதானே மக்ளே."

"அந்த மூணு பாயின்ட்டும் எங்க காலுல வரல்ல. ஒரு பந்தும் தொடாம நின்னோம்."

"உனக்குப் பல்கலைக்கழக டீம் வேண்டாமா? அப்பா வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

அவள் உட்கார்ந்தாள். அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பழக்கம். சின்னக் குரலில் பேசினாள்.

"அன்னைக்கு நான் போவல்லன்னுதான் சொன்னேன். நீங்கதான் பூட்ஸை எடுத்துத் தந்திய. நீ ஆடு, எப்பவும்போல ஆடு, எல்லாம் எப்பவும்போல இருந்தா அப்பா வந்திருவாருன்னு சொன்னிய. நான் போயி நின்னேன். இப்பவும் தினம் போயி ஆடுறேன். சுவரோரம் எல்லாரும் நிக்கியாவ. கோல் போட்டா கை தட்டணுமா கூடாதான்னு தெரியாம அவங்க முழிக்கியாவ. எனக்கும் கோல் போட்டா சிரிக்கணுமான்னு தெரியல்ல. எவ்வளவு நாள் இப்படியே ஆட?"

மழை தொடங்கியது. துணி எடுக்கப் போனேன். நீலச் சட்டை கொடியில் நனைந்துகொண்டிருந்தது. எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். துவைத்த சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது. நான்தானே துவைத்தேன்.

உள்ளே வந்தபோது ஆன்சி பாயசத்தில் பாதி குடித்துவிட்டு, மீதியை எனக்கு வைத்திருந்தாள். குடித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.

கோயிலுக்குப் போகிற வழியில் கனிசியா வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "வாறியா" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணும் வந்தாள், அவள் அண்ணன் அந்தப் படகில். சந்து திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபாதர் கல்லறைத் தோட்டப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"ஃபாதர், கரை அடங்கணும்."

"சரி மெற்றில்டா" என்றார். வேறு கேள்வி எதுவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டார். "நானா வந்து உன்கிட்டக் கேட்டிருக்கலாமோன்னு எத்தனை தடவை யோசிச்சேன் தெரியுமா."

"வந்திருந்தா கதவைத் திறந்திருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் வரல்ல."

மணி ஒற்றையாக அடித்தது. மைதானத்தில் பயிற்சிக்கு நின்ற பிள்ளைகள் அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் பிரிக்காத ஞானஸ்நான வீட்டுப் பந்தலில் பாட்டை நிறுத்தினார்கள். கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அடியிலிருந்து கடலின் சத்தம் மேலே வந்தது. அது இவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கனிசியா என் தோளில் சாய்ந்து அழுதாள். என்னைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கால்கள் லேசாகி, தரைக்குக் கொஞ்சம் மேலே நிற்பதுபோல இருந்தது. ஆன்சி மைதானத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை முழுக்க மண்.

பழைய கருத்துத் தாளைக் கிழித்தேன். வேறு எழுதப் போகிறேன். ஆன்சியிடம் வாசித்துக் காட்டியபின்தான் கொடுப்பேன்.

செப்டம்பர் 10, புதன்

கொடுத்த கடிதத்தை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

'லீக் செயலாளர் டேவிட்சன் சார் அவர்களுக்கு, தாழந்துறை மெற்றில்டா எழுதுவது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டாவது அணியை எப்படி எடுப்பது என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருந்தீர்கள்.

என் வீட்டுக்காரர் தாசையன் ஓட்டிப்போன மரிய விண்மீன் படகு இன்னும் வரவில்லை. கூடப் போனவர்களும் வரவில்லை. அதைத் தேடி வெள்ளியந்துறை ஆட்கள் போயிருப்பதால் அந்தக் கரை அடங்கியது. ஆகஸ்டு முப்பதாம் தேதி அந்தப் பிள்ளைகள் ஆட வராததற்குக் காரணம் இதுதான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வரவில்லை என்று எழுதினேன். அதை அடித்து, ஆட்டம் நடக்கவில்லை என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குக் கொடுத்த மூன்று புள்ளியையும் எடுத்துவிடவும்.

நடக்காத ஆட்டத்தின் முடிவை வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது. குலுக்கியும் வராது. ஞானசிகாமணி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர் கண்ணுக்கும் தெரியாது. அந்த ஆட்டத்தை ஆட வேண்டும். தாழந்துறை ஜெயித்தால் பத்துப் புள்ளியோடு இறுதி ஆட்டத்துக்குப் போகட்டும். சமன் ஆனாலோ தோற்றாலோ வெள்ளியந்துறை போகட்டும். என் மகளும் அவளோடு ஆடும் பிள்ளைகளும் இதற்குச் சம்மதித்துக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று முதல் எங்கள் கரையும் அடங்கியிருக்கிறது. ஆகவே பதினாலாம் தேதி இங்கே ஆட்டம் எதுவும் நடக்காது. தேடிப்போனவர்கள் என்ன செய்தியோடு வந்தாலும், அவர்கள் வந்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு முதலில் இந்த ஆட்டம், அதன் பிறகு இறுதி ஆட்டம். ஆள் எடுக்க வருகிறவர்களிடம் தேதி தள்ளிப்போவதை நீங்கள்தான் பேச வேண்டும். அவர்கள் வர மாட்டோம் என்றாலும் எங்கள் கருத்து இதுதான்.

குன்றுவிளைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பஸ் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆகையால் இதற்குச் சம்மதமா இல்லையா என்று சீக்கிரம் பதில் தரவும்.'